பள்ளிக்கூடத்துக்கு அருகில் ஒரு வீடு

"அப்பா, வீடு கிடைத்துவிட்டது!" என்று சொல்லிக்கொண்டே வந்தான் என் மகன்.

எத்தனை அறை, தண்ணீர் எப்படி, காற்று வருமா என்று கேட்டேன். எதையும் அவன் சரியாகப் பார்க்கவில்லை. பேர் பெற்ற பள்ளிக்கூடம் ஒன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதாம், அது போதுமாம். எங்கள் தெருவில் அதே அளவு வீட்டுக்கு என்ன விலையோ, அதற்கு மேல் 20 லட்சம். தரகர் ஒளிக்கவே இல்லை. "வீட்டுக்கு இவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு" என்று பிரித்தே சொல்லிவிட்டாராம்!

சீனத்தில் பழங்கதை ஒன்று உண்டு. மென்சியஸ் என்ற ஞானியின் தாய் முதலில் இடுகாட்டுக்கு அருகில் குடியிருந்தாள். பிள்ளை பிணம் புதைக்கிற விளையாட்டு விளையாடினான். சந்தைப் பக்கம் குடிபோனாள். பிள்ளை கூவி விற்கத் தொடங்கினான். மூன்றாவதாகப் பள்ளிக்கூடத்துக்கு அருகில் வந்தாள். பிள்ளை நல்ல பழக்கங்களைக் கற்றான். அந்தத் தாயை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றுகிறார்கள். போற்ற வேண்டியவள்தான். தன் குழந்தைக்கு நல்லது தேடுவது குற்றமா, என்ன? ஆனால், இடுகாட்டுப் பக்கத்தில் வேறு பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? வீடு மாற வகையில்லாத அவர்களுடைய தாய்மாரைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்லவில்லை.

நான் படித்தது கிராமத்துப் பள்ளிக்கூடம். மழை வந்தால் மூன்றாம் வகுப்பு ஒழுகும். ஒரு நாள் மிராசுதார் வீட்டுப் பிள்ளையின் சட்டை நனைந்துவிட்டது. அடுத்த வாரமே ஓடு மாற்றினார்கள். அவனோடு நாங்கள் எல்லோரும் நனையாமல் உட்கார்ந்தோம். பிறகு அவனை நகரத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அதன்பின் ஒழுகிய கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது.

1964-இல் அமைக்கப்பட்டு 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழுவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் சாதி, சமயம், செல்வம் பாராமல் அந்த வட்டாரத்துப் பள்ளியிலேயே படிக்க வேண்டும். அப்போதுதான் வசதியுள்ளவர்கள் அதைச் சீர்திருத்தக் கவலைப்படுவார்கள் என்றது. அது நடக்கவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் ஒதுக்கியது. நல்லதுதான். நம் பள்ளிக்குள் அவர்கள் வர ஒரு வழி பிறந்தது. நாம் விட்டு வந்த பள்ளிக்கு நம்மைத் திருப்பி அழைத்துப் போகத்தான் சட்டம் இல்லை.

இவ்வளவையும் மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"நியாயம்தான் அப்பா. ஆனால் என் பெண்ணுக்கு ஐந்து வயது ஒரு தடவைதானே வரும்? அந்தப் பள்ளிக்கூடம் திருந்துகிறவரை அவளை எங்கே உட்கார வைப்பது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொள்கை என்னிடம் இருந்தது. குழந்தை அவனிடம் இருந்தது. என் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தேன்.

பத்திரம் பதிவான அன்று மாலை வழக்கம்போல் உலாவக் கிளம்பினேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது. அதன் வாசலில் கால் நின்றுவிட்டது. இந்தத் தெருவுக்கு வந்து 26 வருஷம் ஆகிறது. ஓட்டுப் போடுவதற்காக அல்லாமல் ஒரு நாளும் நான் அந்த வாசலைத் தாண்டியதில்லை. என் மகனையும் பஸ் ஏற்றி எங்கோ இருந்த பள்ளிக்குத்தான் அனுப்பினேன். இங்கே கூரை ஒழுகுகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

மகன் அடுத்த மாதம்தான் இந்தத் தெருவை விட்டுப் போகப் போகிறான். நான், வீடு மாறாமலே, என்றைக்கோ போய்விட்டேன்.