தட்டு என்னுடையது, குரல் யாருடையது?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் அம்மா ஏலகிரிக்கு என்னைத் தேடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தலைசுற்றலோடு கடந்து, அத்தனாவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக்கேட்டு வந்திருந்தார். அவருடைய பாட்டி பாடிய கிராமபோன் பிளேட்டு ஒன்று என்னிடம் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேம்மா" என்றார்.

ஊசியை வைத்தேன். இரைச்சலுக்கு நடுவே ஓர் இளம் பெண்ணின் குரல் எழுந்தது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் அழவில்லை. இரண்டாம் முறை போட்டபோது, தொடையில் தாளம் போட்டபடி கூடவே முணுமுணுத்தார். ஓரிடத்தில் தட்டில் இல்லாத ஒரு சங்கதி அவர் வாயில் வந்தது. "எங்கம்மா இப்படித்தான் பாடுவாங்க, கதவைச் சாத்திக்கிட்டு" என்றார். பிறகு, "இதை ஒரு காப்பி எடுத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம்மா" என்றேன்.

அந்தப் "பார்க்கலாம்" எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை. அது அரிய தட்டு. வேறு பிரதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எல்லார் கைப்பேசியிலும் இருக்கும். அப்புறம் என்னிடம் இருப்பதற்கு என்ன மதிப்பு? வெட்கமாக இருந்தாலும், என் மனதில் ஓடியது இதுதான்.

இந்தத் தட்டுகள் எப்படி உருவாயின என்பதைப் பார்த்தால் என் வெட்கம் இன்னும் கூடுகிறது. 1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போய், தட்டுகளாக அச்சாகி, விற்பனைக்கு இங்கேயே திரும்பி வந்தன. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். அந்த மொழியும் பாட்டும் தெரியாத தொழிலாளர்கள் தட்டை அடையாளம் காண்பதற்காக என்பார்கள். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. அதன் பிறகும் கம்பெனி லண்டனுடையதுதான்.

தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இந்தப் பயணம் புதிதல்ல. ஆவாரம்பட்டையில் பாதி பதனிட்ட தோல் சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குப் போனது. 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்று அங்கே அதற்குப் பெயர். உரித்தவர், ஊறவைத்தவர், சுரண்டியவர் யார் பெயரும் அதில் கிடையாது. இன்றும் விடிவதற்குள் ஊர் ஊராக வேன் வந்து பெண்களை ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு ஏற்றிப் போகிறது. அவர்கள் தைக்கும் ஷூவில் அயல்நாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கும். தைத்தவளின் பெயர் இருக்காது.

78 சுற்றுத் தட்டை பிளாஸ்டிக் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் ஒட்டி வாழும் பெண் பூச்சிகள் தங்களைச் சுற்றிச் சுரக்கும் பிசின். ஆதிவாசிக் குடும்பங்கள் கிளையிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கோடு கல்தூளும் கரியும் கலந்து அழுத்தினால் தட்டு. உலகமெங்கும் ஒலித்த தட்டுகளுக்கு முக்கியமான அரக்கு இந்தியாவிலிருந்துதான் போனது.

ஒரு வேறுபாடு உண்டு. தோலில் இல்லாத பெயர் தட்டில் இருந்தது. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள். 'குடும்பப் பெண்கள்' புனல் முன் நின்று பாடத் தயங்கிய காலத்தில், தேவதாசி மரபில் வந்த இந்தப் பெண்கள் துணிந்து பாடினார்கள். தகப்பன் பெயரோ கணவன் பெயரோ இல்லாமல் ஊரையே முன்னால் வைத்துக்கொண்டார்கள். பத்து வயதில் முதல் தட்டு கொடுத்த எம்.எஸ்.சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' தாய் சண்முகவடிவு.

ஆகவே இவர்களைச் சுரண்டப்பட்டவர்கள் என்று மட்டும் சொன்னால் அவர்களைச் சிறுமைப்படுத்துகிறோம். கௌஹர் ஜான் முதல் பதிவுக்கே 3,000 ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். பேரம் பேசத் தெரிந்தவர்கள் இவர்கள். ஆனால் பேரத்துக்குப் பிறகு குரல் எங்கே போனது என்பது அவர்கள் கையில் இல்லை. கோயம்புத்தூர் தாயியின் அருட்பா தட்டைக் கேட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாஜ் அதை வைத்துக் குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' எழுதினார். ஆக்கியவர் என்ற இடத்தில் இருப்பது அவர் பெயர். இந்தியச் சட்டத்தில் பாடுகிறவருக்கென்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. பழைய தட்டின் பதிப்புரிமையோ வெளியாகி 60 ஆண்டுகளில் முடிந்துபோகிறது. ஆகச் சட்டப்படி அந்தக் குரல் இன்று யாருக்கும் சொந்தமில்லை. அரக்கு மட்டும் எனக்குச் சொந்தம்.

என் போன்றவர்களுக்கு ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். "நாங்கள் வாங்கியிராவிட்டால் பழைய இரும்புக்கடையில் நொறுங்கியிருக்கும்." உண்மைதான். ஆனால் நம் ஊர்ச் சிலைகளை வைத்திருக்கும் அயல்நாட்டு அருங்காட்சியகங்களும் இதையேதான் சொல்கின்றன. காப்பாற்றியவருக்கு நன்றி சொல்லலாம். காப்பாற்றியதாலேயே பொருள் அவருடையதாகிவிடுமா?

ஆப்பிரிக்கத் தட்டுகளைத் தேடுகிறவர்கள் சான்சிபாரின் சிதி பிந்தி சாத் பெயரை அறிவார்கள். அடிமைப் பின்னணியுள்ள குடும்பத்தில் பிறந்து, பானை விற்றுப் பிழைத்தவர். 1928இல் கடல் கடந்து பம்பாய்க்கு வந்து அதே கிராமபோன் கம்பெனிக்குச் சுவாஹிலியில் பாடினார். அவர் பாட்டுகளில் ஒன்று, ஒரு பெண்ணைக் கொன்றவன் தப்பிவிட, வழக்குக்கு வந்த அவளுடைய தோழிகளையே நீதிமன்றம் தண்டித்த கதை. காலனியக் கம்பெனியின் தட்டில் காலனிய நீதிமன்றத்தின் அநீதி பதிவானது. கம்பெனிக்கு அது சரக்கு. சான்சிபார்ப் பெண்களுக்கு அது சாட்சியம். சாட்சியத்தைப் பெட்டிக்குள் பூட்டி, "நான் காப்பாற்றினேன்" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? நான் சொன்ன "பார்க்கலாம்" அப்படித்தான் இருந்தது.

அன்று மாலையே பிரதி எடுத்தேன். கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தபோது அவர் இன்னொன்று சொன்னார். "இது எங்க பாட்டின்னு எங்கேயும் எழுதிடாதீங்க. பேத்திக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம்."

இதற்கு நான் தயாராக இல்லை. மறைக்கப்பட்ட பெண்களின் பெயரை வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான். இங்கே, பெயரை மறைக்கச் சொல்கிறவரும் ஒரு பெண். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மரபின் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதை எதிர்த்து நின்றார். பொட்டுக்கட்டுவதை 1947இல் சட்டம் தடுத்தது. கொடுமை ஒழிய வேண்டியதே. ஆனால் பழி மட்டும் பெண்கள்மேலேயே தங்கிவிட்டது. அவர்களிடம் போன ஆண்களின் பேரன்கள் யாரும் கல்யாணப் பேச்சின்போது எதையும் மறைக்க வேண்டியிருப்பதில்லை. அந்தப் பாட்டுகள் மட்டும் 'நல்ல குடும்பங்களின்' மேடைக்குப் போய்ச் சேர்ந்தன. பாடியவளின் மகள் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள்.

பல நாள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். தட்டில் உள்ள பெயர் பாடியவளுடையது. அவளே ஊரறியப் பதித்துக்கொண்டது. அதை மறைக்க எனக்கோ பேத்திக்கோ உரிமையில்லை. அந்தப் பெயரோடு என்னிடம் உள்ள எல்லாப் பாட்டுகளையும் யார் கேட்டாலும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் 'இவள் என் பாட்டி' என்ற உறவு பேத்தியுடையது. அதைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் அவர் முடிவு. ஆராய்ச்சி என்ற பெயரில் அதை நான் எடுத்துக்கொண்டால், அனுமதி கேட்காமல் எடுப்பவர்களின் வரிசையில் நானும் ஒருத்தி. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அந்தப் பாட்டும் இல்லை, பாடியவரின் பெயரும் இல்லை. சொன்னால் அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அவர் காதில் கைப்பேசியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண், "யாரும்மா பாடறது?" என்று கேட்டாள்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு தட்டில் உள்ள பெயரை, ஊரோடு சேர்த்துச் சொன்னார்.