பச்சை விளக்கும் கிருபையும்

28 வருடம் அரசு பஸ் ஓட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகு நெதர்லாந்தில் க்ரோனிங்கன் ஊரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, ஒரு நாற்சந்தியைப் பார்க்க வேண்டும் என்றேன். மருமகன் சிரித்தார். ட்ராக்டன் என்ற அந்த ஊருக்கு ரயில் கிடையாது. நானும் மனைவியும் பஸ்ஸில் போனோம். டிரைவருக்குப் பின்சீட்டில்தான் உட்கார்ந்தேன், பழக்கதோஷம்.

சந்தியின் பெயர் லாவெய்ப்ளைன். ஹான்ஸ் மொண்டர்மன் என்ற சாலைப் பொறியாளரின் யோசனைப்படி சிக்னலைப் பிடுங்கிவிட்டு, நடுவில் புல்வட்டமும் ஓரத்தில் நீரூற்றுகளும் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் போகும் இடம். மனிதனை முட்டாளாக நடத்தினால் முட்டாளாகவே ஓட்டுவான் என்பது அவர் கட்சி. 2008இல் இறந்துபோனார். இருந்தவரை, பார்க்க வந்த பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டே வண்டிகளுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்குள் நடந்து காட்டுவாராம். வண்டிகள் ஒதுங்கிப் போகும்.

ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவனுக்கு இது பழைய வழக்கு. நியாயப்பிரமாணமா, கிருபையா? பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் நியாயப்பிரமாணத்தை உபாத்தி என்கிறார். பிள்ளை வளர்ந்தபின் உபாத்திக்கு வேலையில்லை. மொண்டர்மன் உபாத்தியை வீட்டுக்கு அனுப்பியவர் என்றே நினைத்தேன்.

அவர் சொல்வதில் உண்மை இருப்பது என் காலுக்குத் தெரியும். திருநெல்வேலியில் ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தேன். கூடையோடு ஒரு கிழவி பாதி ரோட்டில் நின்றாள். நான் பார்த்தது விளக்கை, அவளை அல்ல. கண்டக்டர் போட்ட சத்தத்தில் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பச்சை என்னுடையது என்ற நினைப்பு ஒரு மனுஷியையே மறைத்துவிட்டது. சிக்னல் இல்லாத இடமாக இருந்தால் கட்டாயம் பார்த்திருப்பேன்.

அப்படியென்றால் நம்ம ஊர் ரோடெல்லாம் மொண்டர்மன் ரோடுதானே என்று டிப்போ நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. அங்கே எடுத்தது பலகையையும் விளக்கையும்தான். வேகத்தை ரோட்டின் அமைப்பே பிடித்து வைத்திருக்கிறது. அதற்கும் அடியில் சட்டம் இருக்கிறது. நடப்பவரையோ சைக்கிள்காரரையோ இடித்தால், தவிர்க்கவே முடியாத விபத்து என்று நிரூபித்தாலொழிய, நஷ்டஈட்டில் பாதியாவது மோட்டார்காரர் தலையில்தான். அடிபட்டது 14 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் அநேகமாக முழுவதும். உபாத்தி வீட்டுக்குப் போகவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. 1967 செப்டம்பர் 3ஆம் தேதி சுவீடன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டினார்கள், விபத்து குறைந்தது. இரண்டு வருடத்துக்குள் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது. பயம் கற்றுத்தந்த பொறுப்பு, பழகினால் போய்விடும்.

ஆனால் என் எண்ணத்தைப் புரட்டியது சுவீடன் அல்ல. என் மனைவிக்கு குளுக்கோமா. நேரே கொஞ்சம் தெரியும், பக்கவாட்டில் ஒன்றுமே தெரியாது. லாவெய்ப்ளைனில் நான் ஒரு கார்க்காரியின் கண்ணைப் பார்த்தேன், அவள் நிறுத்தினாள், கையை உயர்த்தி நன்றி சொன்னேன். எனக்கு ஒரே சந்தோஷம். என் முழங்கையைப் பிடித்தபடி வந்தவள் கேட்டாள்: “என்னங்க, யாரு நம்மளப் பாத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான் பதில் சொல்லவில்லை. கண்ணோடு கண் பேசி நடக்கும் ரோட்டில் அவளுக்குப் பேச்சே இல்லை. பிறகு தெரிந்தது, பிரிட்டனில் பார்வையற்ற பிரபுவான கிறிஸ் ஹோம்ஸ் 2015லேயே இதைச் சொல்லி, இப்படிப்பட்ட சாலைகளை நிறுத்திவைக்கச் சொல்லி அறிக்கை எழுதியிருக்கிறார் என்று. ரோட்டோரத்துத் திட்டு நமக்குத் தடுக்கி விழும் கல், அவருக்கோ அதுதான் பலகை.

அன்று ராத்திரி லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். செவிடனைத் தூஷிக்கவும், குருடன் வழியில் தடுக்கல் வைக்கவும் கூடாது என்கிற இடம். தூஷித்தாலும் செவிடனுக்குக் கேட்காது, வைத்தவன் யாரென்று குருடனுக்குத் தெரியாது. முகம் பார்த்து இரக்கம் வராத இடத்துக்கென்றே எழுதின கட்டளை. அதைச் சிறுபிள்ளைகளுக்கான பாடம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பவுலை நான் விட்டுவிடவில்லை. கிழவியை எனக்குக் காட்டத் தவறிய அந்தப் பச்சையையும் மறக்கவில்லை.

மறுநாள் க்ரோனிங்கனில் மகள் வீட்டுப் பக்கத்துச் சிக்னலுக்கு வந்தோம். அங்கே கம்பத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வரும், நடக்க முறை வந்தால் அது வேகமெடுக்கும். அவள் என் கையை விட்டுவிட்டுக் கம்பத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் மாறியது. “நீங்க பின்னாடி வாங்க” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.