தொட்ட விரலும் எடுத்த கையும்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். பணம் ஏறிய சில நாட்களிலேயே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. வரவு என்று செல்பேசியில் செய்தி வருகிறது, எடுக்கப் போனால் பணம் இல்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை, பழைய பாக்கி இருக்கிறது என்று காரணம் சொல்லிச் சில வங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. விருதுநகர் மாவட்டத்துக்காரரும் அப்போது திருச்சுழி சட்டமன்ற உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவருமான தங்கம் தென்னரசு, வங்கிகள் இப்படிப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லலாம் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது.

அது அரசு கொடுத்த பணம். கேட்பதற்கு ஓர் அமைச்சர் இருந்தார். உழைத்துச் சேர்த்த கூலியிலிருந்து ஒரு தொகை இப்படிக் காணாமல் போனால் கேட்பது யார்? இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பணத்தை இழந்தவரே ஏதோ ஒரு திரையில் ‘சரி’ என்று தொட்டிருந்தால், கேட்க அவருக்கு உரிமை இருக்கிறதா?

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆபீஸ்கள் கதவடைக்கும். மழைக்காலத்தில் வெயில் இல்லாமல் மருந்து காயாது. திறந்தாலும் முழு வேலை இருக்காது. போனஸ் கரைந்து, அடுத்த கூலி தொடங்காத அந்த வாரங்களில்தான் கடன் தேவைப்படுகிறது. முன்பணம், மகளிர் குழுக் கடன், நகை அடகு, வார வட்டி என்று ஏற்கெனவே இருந்த வழிகளோடு இப்போது செல்பேசியும் சேர்ந்துகொண்டது. செல்பேசிக் கடனில் ஒரு வசதி உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: யாருக்கும் தெரியாது. குழுவில் கடன் கேட்டால் பத்துப் பெண்களுக்குத் தெரியும். அடகுக் கடையில் ஏறினால் தெருவே பார்க்கும். திரை எதுவும் கேட்பதில்லை, யாரிடமும் சொல்வதில்லை என்ற நம்பிக்கையில்தான் விரல் அதைத் தொடுகிறது. மானத்துக்காக எடுத்த அந்த முடிவையே, தொலைபேசியிலிருக்கும் எண்களுக்கெல்லாம் கூப்பிட்டு மானத்தை வாங்குவதற்கு கடன் செயலிகள் பயன்படுத்திக்கொண்டன என்பதுதான் கொடுமை.

ஒரு பெண் 10,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண், செல்ஃபி எல்லாம் கொடுக்கிறார். நடுவில் ஆங்கிலத்தில் நாலு பக்கம் வருகிறது. கீழே ஒரு கட்டம். ஓகே கொடுக்கிறார். ஓடிபி வருகிறது, போடுகிறார். கடனுக்கு விண்ணப்பித்ததாகத்தான் அவர் நினைக்கிறார். அதே ஓடிபி, அவர் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் பதிவு செய்துவிட்டது. 10,000 கேட்டவருக்குக் கட்டணங்கள் போக 6,000 வருகிறது. சில நேரம் அதுவும் வராது. ‘பைல் சார்ஜ்’ மட்டும் போய்விடும். அடுத்த மாதம் தவணை எடுக்க முயற்சி நடக்கும்போது கணக்கில் பணமில்லை. அப்படித் திரும்பிய முயற்சிக்கு அவருடைய சொந்த வங்கியே ஒரு கட்டணம் போடுகிறது, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மறுபடி முயற்சி, மறுபடி கட்டணம். கிளைக்குப் போய்க் கேட்டால், “நீங்கதானம்மா ஓடிபி குடுத்திருக்கீங்க” என்கிறார்கள். கட்டணத்தைப் பற்றிக் கேட்டால், “அது சிஸ்டம் பிடிக்கிறது.”

இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் செய்ததென்றால் அது அவர் விரல், பொறுப்பு அவருடையது. வங்கி செய்ததென்றால் அது சிஸ்டம். யாருடைய கையும் அதில் இல்லை.

சட்டம் இதைவிடக் கொஞ்சம் நியாயமாகவே பேசுகிறது. அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல, மூன்றாவது இடத்தில் நடந்தது என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய்தான் அவர் தலையில் விழும். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையதுதான் என்று நிரூபிக்கும் கடமை வங்கியுடையது. ஏழைக்கு இது பெரிய ஆயுதம். ஆனால் அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு: ரகசிய விவரத்தைத் தாமே பகிர்ந்து, அந்தக் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது.

எல்லாச் சண்டையும் இந்த ஒரு வரியில் வந்து நிற்கிறது. அறத்தின் முடிச்சும் இங்கேதான். புகார் எழுதித் தருபவர், உறவுக்காரப் பையன், இ-சேவை மையத்தில் பக்கத்தில் நிற்பவர் எல்லாரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: “ஓடிபி குடுக்கவே இல்லைன்னு எழுது.” ஓடிபி போட்டவர் அப்படி எழுதலாமா?

எழுதக் கூடாது. வங்கிக்கு நட்டம் வரும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நட்டத்தை வங்கி தாங்கும். உண்மையிலேயே ஓடிபி போடாமல் பணத்தை இழந்த இன்னொருவர் நாளை அதே மேசை முன் நிற்கப்போகிறார். பொய்ப் புகார்களைப் பார்த்துப் பழகிய கண்ணால்தான் அவரையும் பார்ப்பார்கள். வங்கியின் பதிவேட்டில் ஓடிபி எப்போது போனது, எப்போது போடப்பட்டது என்பது நொடிக் கணக்கில் இருக்கும் என்ற நடைமுறைக் காரணமும் உண்டு. ஒரு பொய் அம்பலமானால் மீதியுள்ள உண்மையும் அதோடு போய்விடும்.

ஆனால் பொய் சொல்லத் தூண்டுவது எது என்பதையும் கேட்க வேண்டும். ‘நான்தான் தொட்டேன். எதற்குத் தொடுகிறேன் என்று எனக்குத் தெரியாது’ என்பதுதான் அந்தப் பெண்ணின் முழு உண்மை. அதை எழுத நம் படிவங்களில் இடமில்லை. பகிர்ந்தீர்களா, ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் பணம் போனது. இல்லை என்றால் பொய். உண்மை சொல்பவருக்கு நட்டமும் பொய் சொல்பவருக்கு நம்பிக்கையும் தருகிற படிவத்தை வடிவமைத்தவருக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு.

நீதிமன்றம் இந்த இடத்தில் கொஞ்சம் தள்ளி யோசித்திருக்கிறது. அசாமில் ஒரு ஸ்டேட் வங்கி வாடிக்கையாளர் இணையத்தில் துணி வாங்கித் திருப்பி அனுப்ப முயன்றார். கடையின் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லிக்கொண்டு வந்த அழைப்பை நம்பி ஒரு செயலியை இறக்கினார். 94,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. 24 மணி நேரத்துக்குள் அவர் வங்கிக்குச் சொல்லிவிட்டார். ஓடிபியைப் பகிர்ந்தது அவர்தான் என்றது வங்கி. பகிரவில்லை என்றார் அவர். கௌஹாத்தி உயர் நீதிமன்றம் வங்கிதான் பொறுப்பு என்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அதை உறுதி செய்தார்கள். இன்றைய தொழில்நுட்பம் கையிலிருக்கும் வங்கி, பொறுப்பைக் கைகழுவ முடியாது என்பது அவர்கள் வாதம். வாடிக்கையாளரும் ஓடிபி விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். யார் ஏமாந்தார் என்பதோடு நிற்காமல், ஏமாற்றைத் தடுக்கும் சக்தி யாரிடம் இருந்தது என்றும் பார்த்த தீர்ப்பு இது. அந்த வாடிக்கையாளர் 94,000 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரை நின்றார். 700 ரூபாய் போன திரி சுற்றும் தொழிலாளி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கிளைக்கு வருவதே நட்டம் என்று கணக்குப் போட்டு விட்டுவிடுகிறார். சின்னத் தொகையைப் பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

எது சம்மதம் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் விளக்க வேண்டியதில்லை. சிவகாசியில் செய்யும் பட்டாசுப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் எப்படிக் கொளுத்த வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அச்சடித்துத்தான் அனுப்புகிறார்கள். வெடிக்கும் பொருளை விற்பவர் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்ற விதி இங்கே பழக்கமாகிவிட்டது. கடனுக்கும் அதே விதி காகிதத்தில் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகளின்படி, வட்டியும் கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவரக் குறிப்பு ஒன்றைக் கடன் வாங்குபவரிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைக் கடன் காலம் முழுவதும் எப்போதும் பிடிக்கக் கூடாது. இடையிலுள்ள செயலிக்காரருக்கான கூலியைக் கடன் கொடுக்கும் நிறுவனம்தான் தர வேண்டும். 2024-ல் வந்த சுற்றறிக்கை, அந்தக் குறிப்பு கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே சாத்தூரில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் நாலு பக்கம் காட்டி வாங்கிய ஓகே, அறத்தின்படி மட்டுமல்ல, விதிப்படியும் ஊனமானது.

பணம் பிடிப்பதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. விருதுநகர் விருதுபட்டியாக இருந்த காலத்தில் நாடார் உறவின்முறையார் மகமை பிரித்தார்கள். வியாபாரச் சரக்கின் மேல் ஒரு சிறு தொகை. அதைக் கொண்டு கோயில், பேட்டை, பள்ளிக்கூடம். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அந்த மரபில் வளர்ந்தது. வீடுகளில் எடுத்து வைத்த பிடியரிசியும் அதற்குப் போனது. மகமை முழுக்க மனமுவந்து கொடுத்த பணம் என்று சொல்ல முடியாது. ஊர்க் கட்டுப்பாட்டின் அழுத்தம் அதன் பின்னால் இருந்தது. ஆனாலும் பிடிப்பவர் யார், எவ்வளவு, எதற்கு என்பது கொடுப்பவருக்குத் தெரியும். கணக்குக் கேட்க ஒரு கூட்டம் இருந்தது. பாஸ்புக்கில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஒரு வரியாக விழும் கட்டணத்துக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021-ன் முதல் இரண்டு மாதங்களில் இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று ரிசர்வ் வங்கியின் பணிக்குழு சொன்னது. அதே ஜனவரியில் சென்னைக் காவல் துறை பெங்களூருவில் இயங்கிய ஒரு கும்பலைப் பிடித்தது; அதில் சீனாக்காரர் இருவரும் இருந்தார்கள். திருட்டைத் திருட்டு என்று சொல்வதில் அறச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் வங்கியின் கட்டணத்தில்தான்.

வேறொருவர் செய்த தவறால் ஒரு தவணை திரும்புகிறது. அதனால் வங்கிக்குச் சில பைசா செலவு இருக்கலாம். அதற்கு நூற்றுக்கணக்கில் பிடிப்பதை அபராதம் என்றுதான் சொல்ல வேண்டும், அபராதம் தண்டனை. குற்றம் செய்யாதவருக்குத் தண்டனை இல்லை. ஒரு தவணை ஒரே மாதத்தில் மூன்று முறை திரும்பினால், யாரோ தவறாக எடுக்கப் பார்க்கிறார்கள் என்பதற்கான முதல் அடையாளம் அதுதான். அந்த அடையாளத்தை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய வங்கி, அதை வருமானமாகப் படிக்கிறது. 2024 மார்ச்சுடன் முடிந்த ஐந்து நிதியாண்டுகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு மட்டுமே பொதுத்துறை வங்கிகள் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. ஸ்டேட் வங்கி 2020-லும் இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் அந்த அபராதத்தை விட்டுவிட்டன. விட்டதால் இரண்டில் எதுவும் மூடப்படவில்லை. தவணை திரும்பியதற்கான கட்டணத்திலும் அந்த மனம் வர வேண்டும். புகார் வந்துவிட்டால், விசாரணை முடியும் வரை ஒரு பைசாகூடப் பிடிக்கக் கூடாது. புகார் சரியென்றால் அதுவரை பிடித்ததையும் கேட்காமலே திருப்ப வேண்டும். கிளையில் இருக்கும் எழுத்தருக்கு இந்த அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தானியங்கி அனுமதியை ரத்து செய்யும் விண்ணப்பத்தை அங்கேயே தந்து, புகார் எண்ணை எழுதிக் கொடுக்க அவரால் முடியும். “செயலிக்காரன்கிட்ட போய்க் கேளும்மா” என்று அனுப்புவது அவர் செய்யக்கூடிய மிகச் சிறிய அநியாயம். நிறையப் பேர் முதல் வாசலிலேயே திரும்பிப் போவது அதனால்தான். முப்பது நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டால் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது என்ற தகவலை அந்த வாசலில் ஒட்டி வைப்பதும் பெரிய வேலையில்லை.

இனி அந்த 6,000. ஏமாற்றப்பட்டோம் என்பதற்காக வந்த பணமும் நம்முடையது ஆகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. வந்தது கடன்தான். பிடித்துக்கொண்ட 4,000 அதில் சேராது, ஒத்துக்கொள்ளாத வட்டியும் சேராது. யாரிடம் திருப்புவது என்பதில்தான் குழப்பம். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் அதன் சொந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே தவணை போக வேண்டும் என்பது 2022 விதி. அப்படி ஒரு நிறுவனமே இல்லாமல், நாளுக்கு ஒரு யுபிஐ எண்ணை அனுப்பி இதுக்குப் போடு, அதுக்குப் போடு என்று மிரட்டுகிறவருக்கு அனுப்பினால் கடன் தீராது. எண் மட்டும் மாறி மிரட்டல் தொடரும். அவருக்கு அனுப்ப வேண்டியதில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லும்போதும், சைபர் குற்றப் பிரிவில் எழுதித் தரும்போதும், போன தொகையோடு வந்த 6,000 ரூபாயையும், ஓடிபி போட்டதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.