கதவை அடைக்கும் முன் ஒரு கேள்வி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் வித்துரா என்னும் ஊர் உள்ளது. ரப்பர் தோட்டங்களும் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும் சூழ்ந்த மலையடிவார ஊர் அது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் ஒன்றும் அங்கு அமைந்துள்ளது. அந்தி சாய்ந்ததும் அவ்வூரில் பலவகை இரவு உணவுகள் தயாராகின்றன. சில வீடுகளில் கஞ்சியும் பயறும். சில வீடுகளில் மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தியும். சாலையோரத் தட்டுக்கடைகளில் தோசையும் பரோட்டாவும்.

இவற்றுள் எது சாத்துவிக உணவு, எது ராஜஸ உணவு என்று ஆராய்வது எளிது. கீதையின் பதினேழாவது அத்தியாயம் அதற்கு வழிகாட்டுகிறது. ஆனால் இரவு உணவு அதைவிடக் கடினமான ஒரு கேள்வியை எழுப்புகிறது: ஒருவன் உண்ணும் உணவு முழுவதும் அவனுக்கே உரியதா?

நாளின் கடைசி உணவு

காலை உணவைத் தவறவிட்டவன் நண்பகலில் அதை ஈடுசெய்து கொள்ளலாம். இரவு உணவு அப்படிப்பட்டதல்ல. அடுப்பு அணைந்து கதவு அடைபட்ட பிறகு, உண்ணாதவன் விடியும்வரை பசியோடுதான் கிடக்க வேண்டும். மலையாளத்தில் இரவு உணவுக்கு ‘அத்தாழம்’ என்று பெயர். அது கிடைக்காமல் உறங்கச் செல்வது ‘அத்தாழப் பட்டிணி’.

வைக்கம் மகாதேவர் கோயிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இரவில் வாயிலை அடைக்கும் முன், ‘அத்தாழப் பட்டிணிக்காரர் உண்டோ?’ என்று உரத்த குரலில் கேட்பார்கள். பசியோடு இருப்பவர் எவரேனும் இருந்தால் அவருக்கு உணவளித்த பிறகே கதவு அடைபடும். முற்காலத்தில் கேரளத்தின் பெரிய தறவாட்டு வீடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது.

பசித்தவன் வந்து கேட்கும்போது கொடுப்பது தயை. அவன் கேட்கும் முன்பே அவனை அழைப்பது அதனினும் உயர்ந்தது. பசித்தவனிடம் பசி மட்டும் இல்லை. கேட்பதற்கான கூச்சமும் இருக்கிறது. வீட்டுக்காரரே முன்வந்து கேட்கும்போது அந்தக் கூச்சத்தின் சுமை இறங்குகிறது. யாசிப்பவனாக நிற்க வேண்டியவன் அழைக்கப்பட்டவனாக உள்ளே வருகிறான்.

யார் காதில் விழுந்தது?

எனினும் இவ்வழக்கத்தைப் புகழ்ந்துவிட்டு அப்பால் செல்ல இயலாது. அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தாழ்த்தப்பட்டோராகக் கருதப்பட்ட மக்கள் நடப்பதற்கே தடை இருந்தது. அத்தடையை எதிர்த்து 1924-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழகத்திலிருந்து பெரியார் ஈ.வெ.ராமசாமி சென்று சிறைப்பட்டதும், 1925-இல் காந்தியடிகள் நேரில் வந்ததும் பலரும் அறிந்தவை. கோயில்களின் கதவுகள் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தது 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி வெளியான திருவிதாங்கூர் அரச பிரகடனத்தால்தான்.

அதற்கு முன், பசித்தவர் உண்டோ என்ற குரல் வீதியைத் தாண்டியும் கேட்டிருக்கலாம். ஆனால் மிகுதியாகப் பசித்திருந்தவன் அந்த வீதிக்குள் கால் வைக்க முடியாது. கேள்வி உண்மையானது, கேட்டவரின் கருணையும் உண்மையாக இருந்திருக்கலாம். வழியை அடைத்துவிட்டு வாயிலில் நின்று அழைப்பதால் தர்மம் நிறைவேறுவதில்லை. 1917-இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் சாதி வேறுபாடின்றி அனைவரையும் ஒன்றாக அமர்த்தி நடத்திய சமபந்தி போஜனம், அந்தக் கேள்வியின் விடுபட்ட பாதியை நிறைவு செய்தது எனலாம்.

விலையும் கடனும்

இக்காலத்தில் பலர் இரவு உணவை வெளியில் உண்கிறார்கள். பணம் கொடுத்தாயிற்று, இனி யாருக்கு என்ன கடன் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. விலையைக் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

தட்டில் இருக்கும் மரவள்ளிக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். தென்னமெரிக்காவில் தோன்றிய அப்பயிரின் சாகுபடியை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்தார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, ஏழைகளின் உயிரைத் தாங்கியது அந்தக் கிழங்கே. அதை முதலில் பயிரிட்டவர்கள், காத்து வைத்தவர்கள், இன்று தோண்டி எடுப்பவர்கள் ஆகிய எவருக்கும் கடைக்காரரிடம் கொடுத்த தொகையால் கைம்மாறு செய்துவிட முடியாது. இக்கடனை உணர்த்தவே சாஸ்திரங்கள் இல்லறத்தானுக்குப் பஞ்ச மகா யக்ஞங்களை விதித்தன. விருந்தினரும் பிற உயிர்களும் அவற்றில் பங்குடையவர்கள்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது.

கீதையின் மூன்றாவது அத்தியாயம் தனக்காக மட்டுமே சமைப்பதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. ரப்பர் தோட்டத்தில் உழைத்து வந்து, தன் குழந்தைகளுக்கு மட்டுமே போதுமான கஞ்சியை வைக்கும் தாய்க்கு இக்கண்டனம் பொருந்துமா? பொருந்தாது. கீதை அங்கே அளவைப் பேசவில்லை, மனநிலையையே பேசுகிறது. கொடுப்பதற்கு எதுவும் இல்லாதவளிடமும் பிறர் பசியைக் குறித்த நினைவு இருக்கக்கூடும். நிறைந்த பானையை உடையவனிடம் அது இல்லாமல் போகக்கூடும்.

உண்மையில், அத்தாயே பல வீடுகளில் முதல் பட்டினிக்காரி. அனைவருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை அடுக்களையில் தனியே உண்பவள் அவள். உணவகத்திலோ, கடைசி வாடிக்கையாளர் எழுந்து சென்ற பிறகே பரிமாறும் பையன் உண்ணுகிறான். ‘நீ சாப்பிட்டாயா?’ என்ற கேள்வி வீதிக்குச் செல்லும் முன் இவர்களிடம் வர வேண்டும்.

ஒரு பொதி சோறு

பழைய வழக்கம் புதிய வடிவிலும் தொடர்கிறது. 2017 முதல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இளைஞர் அமைப்பு ஒன்று நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் பொதி சோறு வழங்கி வருகிறது. தனியாகப் பெரிய சமையற்கூடம் எதையும் அதற்காக அவர்கள் அமைக்கவில்லை. வீடுவீடாகச் சொல்லி வைக்கிறார்கள். அந்தந்த வீட்டில் சமைக்கும் சோற்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டித் தரப்படுகிறது. சமைத்தவருக்கு உண்பவரின் பெயரோ சாதியோ மதமோ தெரியாது. உண்பவருக்கும் சமைத்தவர் யாரென்று தெரியாது. நன்றியை எதிர்பார்க்கவும் அதில் இடமில்லை. கர்மயோகம் என்று நூல்களில் படிப்பது இதுவேயாகும்.

எல்லோராலும் ஒவ்வொரு நாளும் பொதி கட்டித் தர இயலாது. ஆனால் எந்த வீட்டிலும் இரவில் கதவைத் தாழிடும் முன் ஒரு கணம் நின்று, வீட்டினுள்ளும் அண்டையிலும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று கேட்க இயலும். கேட்பவர் அதற்குரிய பதிலைக் கேட்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்; ‘உண்டு’ என்று ஒரு குரல் வந்தால் கதவு இன்னும் சிறிது நேரம் திறந்திருக்க வேண்டும்.