மூச்சில் புற்றுநோயைத் தேடுவது

வாரக்கணக்கில் விடாத இருமல், சளியில் ரத்தம், உடல் மெலிவு. இவை சேர்ந்து வந்தால் நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்படுவது காசநோயைத்தான். அதில் தவறில்லை, இங்கே அதுதான் அதிகம். ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கும் இவைதான் அடையாளங்கள். எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் திட்டும் பல நேரம் ஒன்றுபோலவே இருக்கும். காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, நோய் முற்றிய பிறகு புற்றுநோய்ப் பிரிவுக்கு வருகிறவர்கள் இந்தியா முழுக்க உண்டு. மதுரையில் நெஞ்சக நோய்க்குத் தோப்பூர், புற்றுநோய்க்குப் பாலரெங்காபுரம் என்று அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. யாரை எங்கே அனுப்புவது என்று முன்கூட்டியே சொல்லும் எளிய சோதனை ஒன்று நமக்கு அவசரமாக வேண்டும். மூச்சை ஆராயும் சென்சாரை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் நுரையீரலைக் கடந்து போகிறது. உடலின் எந்த மூலையில் உண்டான பொருளானாலும், ஆவியாகக் கூடியதென்றால் அதில் கொஞ்சம் மூச்சோடு வெளியே வந்துவிடும். 1971-இல் வேதியியலாளர் லினஸ் பாலிங் மூச்சைக் குளிர்வித்துச் சேகரித்து, அதில் சுமார் 250 சேர்மங்கள் இருப்பதைக் காட்டினார். புற்றுநோய்ச் செல்களில் வளர்சிதை மாற்றம் தடம் மாறுகிறது. செல் சவ்வின் கொழுப்பு சிதைந்து ஹெக்சனால், நோனனால் போன்ற ஆல்டிஹைடுகளும் சில ஹைட்ரோகார்பன்களும் உண்டாகின்றன. அளவு மிகச் சொற்பம்: நூறு கோடியில் சில பங்கு.

இதை உணர்வது எப்படி? டின் ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்றவற்றின் மெல்லிய படலத்தைச் சூடாக்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மின்தடை கூடும். ஆல்டிஹைடு ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை குறையும். அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறார்கள். அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும் துத்தநாக ஆக்சைடு படலங்களைத் தஞ்சாவூர் சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பன் குழுவினர் உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இப்படலம் ஆல்டிஹைடுக்கு மட்டுமா அசையும்? சாராய ஆவிக்கும் அசையும், ஈரத்துக்கும் அசையும். எனவே குணம் வேறுபட்ட பல சென்சார்களை ஒன்றாக வைத்து, அவை சேர்ந்து தரும் கோலத்தைக் கணினிக்குப் பழக்குகிறார்கள். மல்லிகை வாசம் லினலூல், பென்சைல் அசிடேட், இண்டோல் எனப் பலவற்றின் கலவை. நம் மூக்கு அதை ஒரே மணமாக அறிவதுபோலத்தான் இதுவும். வார்விக் பல்கலைக்கழகத்தில் பெர்சாட், டாட் இருவரும் 1982-இல் முன்வைத்த யோசனை இது. 2009-இல் இஸ்ரேலின் டெக்னியனில் ஹொஸாம் ஹைக் குழு, தங்க நுண்துகள் சென்சார்களால் நுரையீரல் புற்றுநோயாளிகளின் மூச்சை நலமானவர்களின் மூச்சிலிருந்து பிரித்துக் காட்டியது.

பிறகும் ஏன் ஊர் ஊராக இக்கருவி வரவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 பேரில் 10 பேருக்குப் புற்றுநோய். நோயுள்ளவர், இல்லாதவர் என இரு பக்கமும் கருவி நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று வைத்துக்கொள்வோம். 9 நோயாளிகள் அகப்படுவார்கள். கூடவே நோயில்லாத 999 பேர் நடுங்கிப்போவார்கள். தெருத்தெருவாக முகாம் போட்டு ஊதச் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை, இருமலும் நிற்கவில்லை என்ற 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் 20 பேருக்குப் புற்றுநோய் என்றால், அதே கருவி 18 பேரைப் பிடிக்கும், 8 பேரை மட்டும் வீணாக அலைக்கழிக்கும். அந்த 26 பேருக்கு உடனே சி.டி. ஸ்கேன், தேவையானால் பயாப்சி. கருவிக்கு இதுதான் ஏற்ற இடம்.

அங்கே அது உதவ வேண்டுமானால் நலமானவரோடு ஒப்பிட்டுப் பழக்கினால் போதாது. காசநோய் ஆறிய தழும்புள்ளவர்கள், பீடி பிடிப்பவர்கள், காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்கள், மில் பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கியவர்கள் என்று இவ்வூர் மக்களின் மூச்சையும் சேகரித்து, திசுப் பரிசோதனை முடிவோடு ஒவ்வொன்றையும் சரிபார்த்தாக வேண்டும்.