பிறர் கல்லறையும் நம் கடமையும்

உடல் வேறு, உயிர் வேறு என்பது அருகப் பெருமான் அருளிய அடிப்படை உண்மை. உயிர் நீங்கிய உடல் வெறும் புற்கலமே. அங்ஙனமாயின், அப்புற்கலம் புதைந்த இடத்தில் நிற்கும் கல்லைக் காக்க வேண்டிய கடமை நமக்கு உண்டோ? அதிலும், நம் சமயத்தவரும் நாட்டவரும் அல்லாத ஒருவரின் கல்லாயின்?

சென்னை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் எழுந்த கல்லறை ஒன்று இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மர் என்பாரும், 1688-இல் இறந்த டேவிட் யேல் என்னும் குழந்தையும் அதில் அடக்கம் செய்யப்பெற்றனர். குழந்தையின் தந்தை எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர்.

அவ்விடம் ஆங்கிலேயரின் பழைய இடுகாடாகும். 1758-59-இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த கல்லறைகள் பகைவர்க்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் அவை இடிக்கப்பட்டன. எழுத்துப் பொறித்த கற்கள் கோட்டையினுள் உள்ள தூய மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்டன. இன்று அங்குச் செல்வோர் அப்பெயர்களைப் படியாமலே கடந்து செல்கின்றனர். ஹின்மரின் கல்லறை இடிபாட்டினின்றும் தப்பியது. பிற்காலத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவும் அறிவிக்கப்பெற்றது. எனினும், அதனை வேறிடத்திற்குப் பெயர்க்க வேண்டுமென உயர்நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது.

சட்டத்தின் முடிவை ஆராய்வது நம் நோக்கமன்று. வாழ்வோர்க்கும் இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால், "அடிமை வாணிகம் நடத்திய ஆட்சியாளரின் மகனுக்கு நினைவுச் சின்னம் எதற்கு?" என்று கேட்பாரும் உளர். யேல் காலத்தில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டது உண்மை. அக்கொடுமையை நாம் மறைத்தலாகாது. ஆயினும், வினை செய்தவனையே சேரும் என்பதன்றோ நம் கோட்பாடு? தந்தையின் தீவினையைக் குழந்தையின் கல்லின்மீது ஏற்றுதல் அறமாகாது.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை உள்ளது. அக்கல்வெட்டு நம் முன்னோர் உடலைப் போற்றியதற்குச் சான்றன்று. உறுதியைப் போற்றியதற்கே சான்று. கல் இறந்தவர்க்கு ஒரு பயனும் தாராது. பயன் பெறுவோர் காண்போரே. நோன்பு நோற்ற முனிவரின் கல் துறவைக் கற்பிக்கும். ஆளுநர் மகனின் கல்லோ, பன்னிரு சிந்தனைகளுள் முதலாவதாகிய அநித்தியத்தைக் கற்பிக்கும். செல்வமும் அதிகாரமும் நிறைந்த இல்லத்திலும் அக்குழந்தையின் ஆயுளை ஒருவராலும் நீட்டிக்க இயலவில்லை.

இடம்பெயர்தலின் வருத்தம் நமக்குப் புதிதன்று. மயிலாப்பூரில் விளங்கிய நேமிநாதப் பெருமானின் திருவுருவம் கடல்கோளுக்கு அஞ்சி மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. பெருமான் இடம்பெயர்ந்தார், வழிபாடு நின்றுவிடவில்லை. ஆனால் மயிலையில் அந்த ஜினாலயம் இருந்ததை இன்று எத்துணை பேர் அறிவர்? ஆகவே, கல் பெயர்தல் பெருங்குற்றமன்று. நினைவு அழிதலே இழப்பாகும்.

நம் கோயில்களின் சுவடுகளைப் பிறர் மதிக்க வேண்டுமென நாம் விழைகின்றோம். அவ்விழைவு அறமாவது, பிறர் சுவடுகளை நாமும் மதிக்கும்போதே. சென்னை செல்லும் நம் குடும்பத்தினர், மயிலையில் நேமிநாதரை நினைந்து வணங்குக. கோட்டை ஆலயத்தின் கற்களிடையேயும் சற்று நின்று, பிள்ளைகளுக்கு அப்பெயர்களைப் படித்துக் காட்டுக.