பெயரும் பணியும்: கித்துல்கலைப் பாலம் எழுப்பும் ஓர் அறவினா

ஒரு கவிதை யாருக்கு உரியது என்று வினவின், அதனை யாத்த புலவனுக்கு உரியது என விடை கூறிவிடலாம். ஆனால் திரைப்படத்தைப் பொறுத்தமட்டில் அவ்வினா அத்துணை எளிதன்று. பலரது உழைப்பினாற் பிறக்கும் ஒன்றிற்கு யாருடைய பெயரைச் சூட்டுவது? பெயர் சூட்டப்படாதவர் இழப்பது யாது? பெயர் பெற்றவர் ஏற்கும் கடப்பாடு யாது? இவை கலையியல் வினாக்களாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாக்களேயாம். இவற்றை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு சப்ரகமுவ மண்ணிலேயே உண்டு.

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவிலே, தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த களனி கங்கைக் கரையில், 1956-57 காலப்பகுதியில் ஓர் ஆங்கிலப்படம் எடுக்கப்பட்டது. சாம் ஸ்பீகல் தயாரிக்க, டேவிட் லீன் நெறியாண்ட 'குவாய் நதிப் பாலம்' என்பதே அது. இரண்டாம் உலகப்போரில் யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினர், பர்மா-சியாம் இருப்புப்பாதைக்கென ஒரு பாலங் கட்டுவதே அதன் கதை. இதற்காக மெய்யாகவே பெரியதொரு மரப்பாலம் ஆற்றின் குறுக்கே எழுப்பப்பட்டு, இறுதிக் காட்சியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இப்படம் 7 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

திரைப்படத் தொழிலில் வழங்கும் பதவிப்பெயர்கள் வெறுங் கலைச்சொற்கள் அல்ல. அவை பொறுப்பைப் பங்கிடும் சொற்கள். பணத்தையும் ஆளையும் திரட்டி, வேலை நடந்தேற வழிசெய்பவர் தயாரிப்பாளர். ஒவ்வொரு காட்சியும் எதைச் சொல்லவேண்டும் எனத் தீர்மானிப்பவர் நெறியாளர். ஒளியையும் வில்லையையும் ஆள்பவர் ஒளிப்பதிவாளர். இப்படத்தில் அவர் ஜாக் ஹில்டியார்ட். எடுத்த துண்டுகளை வெட்டியும் ஒட்டியும் கால ஓட்டத்தை ஆக்கித் தருபவர் படத்தொகுப்பாளர். அவர் பீற்றர் ரெய்லர். இவர்களுக்கும் கீழே, காட்சிக்குக் காட்சி உடையும் பொருளும் மாறாது காக்கும் தொடர்ச்சிக் கண்காணிப்பாளர், ஒப்பனையாளர், விளக்குச் சுமப்போர், கமரா வண்டி தள்ளுவோர், கிளாப் பலகை அடிப்போர், தச்சர் என நிரல் நீளுகின்றது. நிரலின் மேற்பகுதி திரையில் எழுத்தாகத் தோன்றுகின்றது. கீழ்ப்பகுதி நெடுங்காலம் தோன்றாமலே இருந்தது.

1950களிற் பிரெஞ்சு நாட்டின் இளம் விமரிசகர்கள், நெறியாளரே படத்தின் ஆசிரியர் என்னும் கொள்கையை முன்வைத்தனர். ஒரு படத்திலே தனியொருவரின் நோக்கு இழையோடுதல் கூடும் என்பதை இக்கொள்கை நன்கு விளக்கிற்று. ஆயினும் கித்துல்கலவில் நிகழ்ந்த ஒன்று அதன் எல்லையைக் காட்டுகின்றது. பாலத்தைத் தகர்க்கும் காட்சிக்குப் பல கமராக்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு படப்பிடிப்பாளரும் தாம் பாதுகாப்பான இடத்தை அடைந்ததற்குச் சைகை தந்த பின்னரே வெடி இயக்கப்படவேண்டும். ஒருவரின் சைகை கிட்டவில்லை. லீன் வெடியை நிறுத்தினார். புகையிரதம் தகராத பாலத்தைக் கடந்து சென்று விபத்துக்குள்ளாயிற்று. காட்சி பின்னர் மீள எடுக்கப்பட்டது. பெயர் பெற்ற நெறியாளரின் பெருங்காட்சி, எவரும் பெயரறியா ஒருவரின் விரலசைவிலே தங்கிநின்றது.

திரைக்கதையின் வரலாறு இன்னும் கடுமையானது. பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலைத் திரைக்கேற்ப எழுதியோர் கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும் ஆவர். பொதுவுடைமைச் சார்பினர் என்ற ஐயத்தால் இருவரும் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். ஆதலின் திரையில் பூலின் பெயரே எழுதப்பட்டது; ஆங்கிலத்தில் எழுதாத அவருக்கே 1958 இல் ஆங்கிலத் திரைக்கதைக்கான ஒஸ்கார் விருதும் வழங்கப்பட்டது. உரிய இருவருக்கும் அவ்விருதை உரித்தாக்க அமெரிக்க அக்கடமி 1984 ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அப்பொழுது இருவரும் உயிரோடில்லை. கூலி கொடுத்துவிட்டமையால் கடன் தீர்ந்தது என்று வாதிடுவோர் இங்கே சிந்தித்தல் வேண்டும். கூலி உழைப்பின் விலை. பெயரோ உழைத்தவன் ஒரு மனிதன் என்பதற்கான ஒப்புதல். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

பெயரிழப்பு இத்துடன் முடியவில்லை. 1942-43 இல் அமைக்கப்பட்ட மெய்யான இருப்புப்பாதையில் உழைத்தோருள் நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளரோ 180,000 பேருக்கும் மேலாவர் என மதிப்பிடப்படுகின்றது. கைதிகளுள் 12,000 பேர் வரையும் ஆசியருள் ஏறத்தாழ 90,000 பேரும் மடிந்தனர். அவ்வாறு மாண்டோருட் பெருந்தொகையினர் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள். போருக்கு முன்னர் மலாயாவின் இறப்பர்த் தோட்டத்திற் பணியாற்றிய பூல் அத்தகைய தொழிலாளரை அறியாதவரல்லர். எனினும் அவர்கள் திரையிலே தோன்றவில்லை. கித்துல்கலவிற் பாலங் கட்டிய இலங்கைத் தொழிலாளரின் பெயர்களும் திரையிலே தோன்றவில்லை.

இப்படத்தின் கதையே பெயர் பற்றியது என்பது வியப்புக்குரியது. கேணல் நிக்கல்சன் என்னும் பாத்திரம், தன் படையினரே இப்பாலத்தை வடிவமைத்துக் கட்டினர் என எழுதிய பலகையைப் பாலத்தில் அறைகின்றது. தொழிலாளர்க்கு உரிய பெருமையை அவன் மறுக்கவில்லை. ஆனால் அப்பாலம் எதிரியின் படைக்கலங்களைச் சுமக்கப்போவது என்பதை மறந்துவிடுகின்றான். பெயர் பொறித்தல் உரிமை கோருதல் மட்டுமன்று. விளைவுக்கு விடைகூற ஒருப்படுதலுமாகும். 'என் பணியை நான் செம்மையாகச் செய்தேன்' என்பது நல்ல தச்சனின் கூற்றாகலாம். நல்ல மனிதனின் முழு விடையாகாது.

தோட்டத்து வழக்கு இச்சிந்தனைக்குப் புதியதோர் ஒளியைத் தருகின்றது. அங்கே 'பேர்' என்பது ஒரு நாள் வேலையையே குறிக்கும். காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குச் சென்றவருக்குச் செக்ரோலிற் பேர் விழும். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்கத் தவறினால் அரைப்பேர்தான். பெயரும் கூலியும் ஒரே சொல்லில் அடங்கிவிட்ட உலகம் அது. பேர் நாளுக்கு மட்டுமே உரியது. தேயிலைப் பெட்டியிற் பொறிக்கப்படுவதோ தோட்டத்தின் பெயர். மேலும், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கியிருந்தன. கித்துல்கலவிற் கமரா சுழன்ற நாட்களில், அயற் தோட்டங்களிற் செக்ரோலிற் பேர் உள்ளவருட் பலருக்கு வாக்காளர் இடாப்பிற் பெயர் இல்லை. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று.

எல்லோர் பெயரையும் எழுதுதல் இயலுமா என்பது நியாயமான மறுப்பே. இன்றைய படங்களின் முடிவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் பல நிமிடங்கள் ஓடுகின்றன. அரங்கில் அவற்றைப் படிப்பார் அரியர். வெறும் பட்டியலால் நீதி நிறைவேறிவிடாது. பெயரைப் போட்டுக் கூலியைக் குறைப்பதும் உண்டு. ஆயினும் பட்டியல் நீளமானது என்பதால் விடுபடுபவர் எப்பொழுதும் கீழ்வரிசையினராகவே இருப்பது தற்செயலன்று. ஒரு படைப்பைப் போற்றுபவர், அதில் யார் பெயர் உண்டு என்பதோடு, யார் பெயர் இல்லை, ஏன் இல்லை என்பதையும் வினவக் கடமைப்பட்டவர். இவ்வினாவை எழுப்பப் பழகும் கண், திரையரங்கிற்கு வெளியேயும், தேநீர்க் கோப்பையின் முன்னும் பாலத்தின் மீதும், அதனை எழுப்பாதிராது.